வட்டார நூலகச் சங்கத்தின் விருதுகளும் நல்கைகளும்: ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

ஒரு சிறிய பொது நூலகத்தின் பொறுப்பாளராகப் பணியாற்றும் நான், எங்கள் வட்டார நூலகச் சங்கத்தில் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். இந்தக் காலத்தில் பழைய நூல்களின் பாதுகாப்புக்கான நல்கைக்கு (நிதியுதவிக்கு) இருமுறையும், மாநாட்டுப் பயண நல்கைக்கு ஒருமுறையும் விண்ணப்பித்திருக்கிறேன். ஊழியர் விருது ஒன்றுக்கு எங்கள் உதவியாளரைப் பரிந்துரைத்தும் இருக்கிறேன். இந்த நான்கில் இரண்டு நிறைவேறின, இரண்டு நிறைவேறவில்லை. வட்டாரச் சங்கங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே அமைப்பில், முழுநேர ஊழியர் மிகச் சிலரையும் தன்னார்வலர் குழுக்களையும் நம்பியே இயங்குவதால், சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் செயல்முறையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறு நூலகத்தாருக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

சங்கம் வழங்குபவை இரு வகை. ஆண்டின் சிறந்த நூலகர், பணிக்கு வந்து ஐந்து ஆண்டுக்குள் உள்ள இளம் நூலகர், நூலக உதவியாளர், நூலகத்துக்குத் துணைநின்ற வாசகர் அல்லது புரவலர், சிறந்த வாசகர் நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு விருதுகள் உள்ளன. மாநாட்டுப் பயணம், குறுகிய காலப் பயிற்சி, சிறு திட்டம், பழைய நூல்களின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நல்கைகளும், நூலக அறிவியல் மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகையும் உள்ளன. இவற்றுக்கான பணம் உறுப்பினர் சந்தாவிலிருந்தும், மாநாட்டில் மிஞ்சும் தொகையிலிருந்தும், மறைந்த நூலகர்களின் நினைவாகக் குடும்பத்தார் ஏற்படுத்திய அறக்கட்டளைகளின் வட்டியிலிருந்தும் வருகிறது. அதனால் எந்த நல்கையும் பெருந்தொகை அன்று. கட்டடம் கட்டவோ ஆண்டுக்கணக்கில் ஓர் ஊழியரை அமர்த்தவோ இது போதாது; இருக்கிற ஊழியரைக் கொண்டு, இருக்கிற இடத்தில், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு வேலையைச் செய்து முடிக்க இது போதும்.

எங்களிடம் அப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை ஒன்று இருந்தது. பழைய உள்ளூர் இதழ்கள் 41 பைண்டு தொகுப்புகளாகக் கடைசி வரிசை அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. வாசகர் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்போம். அவர் புரட்டி முடித்துத் திருப்பித் தரும்போது மேசைமேல் பழுப்புத் துகள் உதிர்ந்து கிடக்கும். பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்க்கும் இருமடிப்புச் சோதனை நூலகத்தார் அறிந்ததே. எங்கள் தொகுப்புகள் பலவற்றில் இரண்டாவது மடிப்பிலேயே மூலை தனியே கையில் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் மலிவாகச் செய்யப்பட்ட தாள்களில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கியது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்க்கப்பட்டன. இவையெல்லாம் ஈரப்பதத்தோடு சேர்ந்து தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கி, தாளுக்கு உறுதி தரும் செல்லுலோஸ் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டித்துவிடுகின்றன. அதற்கும் முந்தைய காலத்தில் கந்தல் துணியிலிருந்து கையால் செய்த தாள்கள் இன்றும் வளைந்து கொடுக்கும்போது, நூறு ஆண்டுகூட ஆகாத செய்தித்தாள் அப்பளமாக நொறுங்குவதற்குக் காரணம் இதுதான்.

முதல் ஆண்டு நான் எழுதிய விண்ணப்பம் மிக எளிமையானது. இதழ்கள் நொறுங்குகின்றன, ஸ்கேனர் ஒன்று வாங்கித் தாருங்கள், நாங்கள் மின்வடிவமாக்கிக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். நிராகரித்தார்கள். ஆனால் நிராகரிப்புக் கடிதத்தோடு நடுவர்களின் எழுத்து வடிவக் கருத்துகள் ஒரு பக்க அளவுக்கு வந்தன. இந்தச் சங்கத்தின் சேவைகளில் நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். இந்த 41 தொகுப்புகளில் எத்தனை வேறு நூலகங்களில் முழுமையாக உள்ளன என்று ஒரு நடுவர் கேட்டிருந்தார். மூன்று மாத வேலைக்கு ஸ்கேனரை விலைக்கு வாங்குவது ஏன், வாடகைக்கு எடுத்தால் ஆகாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மின்கோப்புகள் ஐந்து ஆண்டுக்குப் பிறகு எங்கே இருக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பது மூன்றாவது கேள்வி. நான் இந்த மூன்றையும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அடுத்த சில மாதங்களில் பல நூலகங்களின் இருப்பை ஒன்றாகக் காட்டும் கூட்டுப்பட்டியலைத் தேடி, கடிதம் எழுதிக் கேட்டதில் 17 தொகுப்புகள் வேறோர் இடத்தில் எங்களுடையதைவிட நல்ல நிலையில், விடுபடாமல் இருப்பது தெரியவந்தது. ஆக, உண்மையில் காப்பாற்ற வேண்டியவை 24தான். முதல் விண்ணப்பத்துக்கே பணம் கிடைத்திருந்தால், ஏற்கெனவே பத்திரமாக இருப்பவற்றைப் படியெடுப்பதில் பாதிக் காலத்தைச் செலவழித்திருப்போம். இரண்டாவது விண்ணப்பத்தில் ஸ்கேனரை மூன்று வார வாடகைக்குக் கேட்டோம். மூலப்படிகளைச் தரவைச் சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்புகளாகவும், வாசகருக்கான படிகளை பி.டி.எஃப். ஆகவும் எடுப்பதாகவும், மூன்று படிகளை இரு வேறு வகைச் சேமிப்பில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு கட்டடத்தில் பாதுகாப்பதாகவும் எழுதினோம். மீதித் தொகைக்கு அமிலமற்ற அட்டைப்பெட்டிகளும், கிழிசலை ஒட்டுவதற்கான மெல்லிய, நீண்ட இழைகொண்ட ஜப்பானியத் தாளும், எங்கள் உதவியாளருக்கு நான்கு நாள் பழுதுநீக்கும் பயிற்சியும் கேட்டோம். கிடைத்தது.

அந்தப் பயிற்சி இந்த நல்கையின் மிகப் பெரிய பலன். எங்கள் உதவியாளர் இருபது ஆண்டுகளாகக் கிழிந்த பக்கங்களைப் பளபளப்பான ஒட்டுநாடாவால் ஒட்டிவந்தவர். அந்த நாடாவின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி, எழுத்தையே மறைக்கும் கறையாகிவிடும். பயிற்சி முடிந்து வந்த மறுநாள் அவர் மேசையில் செய்துகாட்டியதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானியத் தாளை அவர் கத்தரிக்கோலால் வெட்டவில்லை. மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, கிழிசலின் வடிவத்திலேயே தாளின்மேல் ஈரக்கோடு ஒன்றை வரைந்தார். ஈரம் ஊறியதும் இரு விரலால் மெதுவாக இழுத்துப் பிரித்தார். விளிம்பில் இழைகள் பஞ்சுபோல் நீட்டிக்கொண்டு நின்றன. வெட்டிய விளிம்பாக இருந்தால் பழைய பக்கத்தின்மேல் ஒரு வரம்பு கட்டியதுபோல் நிற்கும். பக்கம் வளையும்போது அந்த வரம்பிலேயே மறுபடி உடையும். இழை நீட்டிய விளிம்போ பக்கத்தோடு கலந்து, எங்கே ஒட்டியது என்று தெரியாமல் படிந்துவிடுகிறது. கோதுமை மாச்சத்தைக் காய்ச்சிச் சல்லடையில் தேய்த்தெடுத்த பசையால் ஒட்டி, இருபுறமும் உறிஞ்சுதாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி உலரவிட்டார். தேவைப்பட்டால் தண்ணீரைத் தொட்டே அதைப் பிரித்தெடுத்துவிடலாம் என்பது இன்னொரு சிறப்பு. 24 தொகுப்புகளில் உடைந்த பக்கங்களை அவர் ஏழு மாதத்தில், அன்றாட வேலைகளுக்கு இடையே, இவ்வாறு சரிசெய்தார்.

இத்தனை நன்மை செய்த நல்கையில் குறை ஒன்று உள்ளது. அது சிறு குறையன்று. சங்கம் பணத்தை முன்கூட்டித் தருவதில்லை. நூலகம் முதலில் செலவு செய்து, ரசீதுகளையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் இறுதி அறிக்கையையும் அனுப்பிய பிறகே தொகை வரும். கணக்குக்கு இது பாதுகாப்பான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. பிறர் நினைவாகக் கொடுக்கப்பட்ட பணத்துக்குச் சங்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் முன்பணம் போடக்கூடிய நூலகத்துக்கே இந்த நல்கை எட்டும் என்றால், யாருக்காக இது தொடங்கப்பட்டதோ அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் நூலகக் குழுவில் ஒருவர் தம் சொந்தப் பணத்தை ஐந்து மாதம் கடனாகத் தந்ததால் எங்கள் வேலை நடந்தது. எங்களைவிடச் சிறிய நூலகம் ஒன்றின் பொறுப்பாளர், இந்த விதியைப் படித்ததும் விண்ணப்பப் படிவத்தை மூடிவிட்டதாக என்னிடம் சொன்னார். பாதித் தொகையை முதலிலும், கால்பங்கை இடைக்கால அறிக்கையின்போதும், எஞ்சியதை முடிவிலும் தரும் தவணைமுறை நல்கை உலகில் புதியதல்ல. சங்கம் அதற்கு மாற வேண்டும் என்று ஆண்டுக் கருத்துப் படிவத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன், இங்கும் எழுதுகிறேன்.

நல்கைக்கு நிபந்தனை வைப்பதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் 1883 முதல் 1929 வரை உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கான நிபந்தனை, ஊரார் நிலம் தர வேண்டும், கட்டடத்துக்குக் கொடுத்த தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஒதுக்க வேண்டும் என்பது. கொடுப்பவரின் பணம் தீர்ந்த பிறகும் நூலகம் நடக்க வேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்த நிபந்தனை அது. இந்தியாவில் 1972இல் தொடங்கப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் மாநில அரசுகளின் பங்கோடு சேர்த்து வழங்கும் இணைநிதித் திட்டங்களை நடத்துகிறது. எங்கள் சங்கமும் சிறு திட்ட, பாதுகாப்பு நல்கைகளுக்கு நூலகத்தின் பங்காக ஒரு பகுதியைக் கேட்கிறது. ஆனால் அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, ஊழியரின் வேலைநேரத்தையும் கணக்கிட்டுக் காட்டலாம். இது மிக நல்ல விதி. உதவியாளரின் ஏழு மாத வேலைநேரத்தை மணிக்கணக்கில் எழுதிக் காட்டியபோதுதான், அந்த மேசையில் எவ்வளவு உழைப்பு நடந்திருக்கிறது என்பது எங்கள் குழுவினருக்கே புரிந்தது.

கார்னகியின் கதையில் நூலகச் சங்கங்கள் மறக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. கார்னகி ஏற்படுத்திய அறநிறுவனத்துக்காகப் பொருளியலாளர் ஆல்வின் ஜான்சன் பல நூலகங்களுக்கு நேரில் சென்று பார்த்து 1916இல் ஓர் அறிக்கை தந்தார். கட்டடம் வந்துவிட்ட பல ஊர்களில் பயிற்சி பெற்ற நூலகர் இல்லாததே பெருங்குறை என்பது அதன் சாரம். மறு ஆண்டிலேயே அந்நிறுவனம் புதிய கட்டட நல்கைகளை ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டது; முன்பே ஒப்புக்கொண்டவை அதன்பின்னும் கட்டப்பட்டன. சென்னையில் 1928இல் தோன்றிய நூலகச் சங்கம், இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதனின் முயற்சியால், மறு ஆண்டே நூலகர்களுக்கான கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கியதும் இதே தெளிவினால்தான் என்று எண்ணுகிறேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், எங்கள் சங்கத்தின் நல்கைகளில் எண்ணிக்கையில் கூட்ட வேண்டியது பயிற்சி நல்கையே. இப்போது ஆண்டுக்கு நான்கு மட்டும் தருகிறார்கள்.

மாநாட்டுப் பயண நல்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதிவுக் கட்டணம், போக்குவரத்து, இரு இரவுத் தங்கல் ஆகியவற்றை ஏற்கிறார்கள். முதன்முறை வருபவருக்கு முன்னுரிமை உண்டு. திரும்பி வந்து ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். படிவம் எளியது, முடிவும் சொன்ன நாளில் வந்தது. எனக்குக் கிடைத்த ஆண்டில் பழைய உறுப்பினர் ஒருவரை எனக்குத் துணையாக நியமித்து, எந்த அமர்வுக்குப் போகலாம், யாரைச் சந்திக்கலாம் என்று வழிகாட்டச் செய்தார்கள். கூட்டுப்பட்டியல் தேடுவதில் எனக்குப் பின்னாளில் உதவியவர் அந்த மாநாட்டில் அறிமுகமானவர்தான். ஒருவர் மட்டுமே பணியாற்றும் நூலகத்தில், அவர் மூன்று நாள் வெளியே போனால் கதவைப் பூட்ட வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கு மாற்று ஆளை அமர்த்தும் செலவையும் நல்கையில் சேர்த்தால், இதுவரை மாநாட்டையே பார்த்திராத பலர் வருவார்கள்.

விருதுகளுக்கு வருகிறேன். நல்கை இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு, விருது செய்து முடித்த வேலைக்கு; ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நூலக உலகில் விருதுக்கு உண்மையான வலிமை இருந்திருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1922இல் முதன்முதலாக வழங்கிய நியூபெரி பதக்கம், சிறுவர் நூல்களும் இலக்கியமாக மதிக்கத் தக்கவை என்பதைப் பதிப்பாளர்களுக்கு உணர்த்தியது. வட்டார அளவிலும் எடுத்துக்காட்டு உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு நூலகச் சங்கம் 1940இல் தொடங்கிய இளம் வாசகர் தேர்வு விருதில் நடுவர்கள் கிடையாது. பட்டியலிலுள்ள நூல்களைப் படித்த பிள்ளைகளே வாக்களிக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் அப்படி வாசகர் கையில் விடப்பட்ட விருது எதுவும் இல்லை. ஐந்து விருதுகளில் ஒன்றையாவது அவ்வாறு மாற்றினால், விருது விழாவைப் பற்றி உறுப்பினரைத் தாண்டியும் பேச்சு எழும்.

ஆண்டின் சிறந்த நூலகர் விருதின் தேர்வுமுறை மதிக்கத் தக்கது. பரிந்துரைப்பவர் ஒருவரும், ஆதரவுக் கடிதம் தருவோர் இருவரும் தேவை. அந்த இருவரில் ஒருவர் நூலகத் துறைக்கு வெளியே உள்ள வாசகராக இருந்தாக வேண்டும். இந்த ஒரு விதி, வெறும் பதவிக்காலத்தையும் பட்டங்களையும் அடுக்கும் பரிந்துரைகளைத் தடுத்துவிடுகிறது. நடுவர்களில் எவராவது பரிந்துரைக்கப்பட்டவரோடு ஒரே நிறுவனத்தில் பணியாற்றியிருந்தால் அந்தச் சுற்றிலிருந்து விலகிக்கொள்கிறார். அதை அறிவிப்பிலேயே வெளியிடுகிறார்கள். தகுதியானவர் எவரும் இல்லாத ஆண்டில் விருதை நிறுத்திவைக்கும் துணிவும் அவர்களுக்கு இருக்கிறது; நான் உறுப்பினரான பிறகு ஒருமுறை அவ்வாறு செய்தார்கள்.

நூலக உதவியாளர் விருதைப் பற்றி அவ்வளவு நிறைவாகச் சொல்ல முடியவில்லை. பெயரளவில் இது நூலக அறிவியல் பட்டம் இல்லாத ஊழியர்களுக்கானது. புத்தகம் அடுக்குவோர், வழங்குமேசையில் இருப்போர், பைண்டு செய்வோர் ஆகியோரின் உழைப்பை முன்னிறுத்துவதே அதன் நோக்கம் என்று அறிவிப்பு சொல்கிறது. எங்கள் உதவியாளரை இதற்குப் பரிந்துரைத்தேன். 24 தொகுப்புகளின் பட்டியல், பழுதுநீக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அந்த இதழ்களைப் பயன்படுத்தித் தம் ஊர் வரலாற்றை எழுதிய வாசகர் ஒருவரின் கடிதம் ஆகிய அனைத்தையும் இணைத்திருந்தேன். பரிந்துரை நடுவர்களைச் சென்றடையவே இல்லை. பரிந்துரைக்கப்படுபவர் தொடர்ந்து மூன்று ஆண்டு சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதியின்படி, அலுவலகமே அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நூலகருக்கு நூலகம் சந்தா கட்டுகிறது. உதவியாளருக்கு யாரும் கட்டுவதில்லை. குறைந்த ஊதியத்தில் இருப்பவர் தம் கைப்பணத்தில் மூன்று ஆண்டு சந்தா கட்டியிருந்தால்தான் அவர் உழைப்பு கணக்கில் வரும் என்பது, அந்த விருதை யாருக்காக ஏற்படுத்தினார்களோ அவர்களையே விலக்கிவைக்கும் விதி. அதே விதி வாசகர், புரவலர் விருதுக்கு இல்லை என்பதையும் கவனித்தேன். வெளியாரை உறுப்பினராகாமலே பாராட்ட முடியுமென்றால், உள்ளே உழைப்பவரையும் அவ்வாறே பாராட்டலாம். திருப்பி அனுப்பிய கடிதத்தை அவரிடம் காட்ட எனக்கு இரண்டு நாள் மனம் வரவில்லை. காட்டியபோது அவர் படங்களை மட்டும் திருப்பிக் கேட்டார். இப்போது அவை அவர் மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கின்றன.

புதிதாக விண்ணப்பிப்போருக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். அறிவிப்பு வருவதற்கும் கடைசி நாளுக்கும் இடையே ஆறு வாரமே இருக்கும். நூலகக் குழுவின் ஒப்புதல் கடிதம் பெறுவதற்கே அதில் மூன்று வாரம் போய்விடும் என்பதால், அதை முன்பே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது எந்த வேலைக்கு, எந்த மாதத்தில் என்று ஒரு வரி எழுதுங்கள். நடுவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்பது அவர்கள் தந்த கருத்துகளிலிருந்தே தெரிகிறது. முன்பு வெற்றிபெற்ற விண்ணப்பங்களைக் கேட்டால், பெயரை நீக்கிவிட்டு அனுப்பிவைக்கிறார்கள். பலருக்கும் தெரியாத அருமையான உதவி இது. நிராகரிக்கப்பட்டால் கருத்துகளை வாங்காமல் விடாதீர்கள். இறுதி அறிக்கைக்கான ரசீதுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். எங்களுக்குத் தொகை வர ஐந்து மாதம் ஆனதில் ஒரு மாதம், காணாமல்போன ஒரு வாடகைச் சீட்டின் நகலைப் பெறுவதற்காக வீணானது.

ஐந்துக்கு மதிப்பெண் இடுவதென்றால், திட்ட, பாதுகாப்பு நல்கைகளுக்கு நான்கு தருவேன். செலவுக்குப் பிறகே பணம் தரும் விதிக்காகவே ஒன்றைக் குறைக்கிறேன். பயண நல்கைக்கு நான்கரை. நூலகர் விருதுக்கு நான்கு, உதவியாளர் விருதுக்கு இரண்டு. உறுப்பினர் விதியைத் தளர்த்தக் கோரி ஒன்பது நூலகங்கள் கையொப்பமிட்ட கடிதத்தைச் சென்ற பொதுக்குழுவில் கொடுத்திருக்கிறோம். பரிசீலிப்பதாகச் செயற்குழு பதில் எழுதியிருக்கிறது. பரிந்துரை திரும்பி வந்த ஆண்டிலிருந்தே எங்கள் நூலகக் குழு உதவியாளரின் சந்தாவையும் தானே கட்டிவருகிறது. விதி மாறினாலும் மாறாவிட்டாலும் வரும் ஆண்டு அவருக்கு மூன்று ஆண்டு நிறைவதால், பரிந்துரைக் கடிதத்தை மறுபடியும் எழுதி வைத்திருக்கிறேன். இம்முறை அது ஜப்பானியத் தாளின்மேல் வரைந்த ஈரக்கோட்டிலிருந்து தொடங்குகிறது.